எவரெஸ்டில் முதல் கால்

அன்று தாராவிப் பிள்ளையார் பந்தல் மேடையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: தோல் பட்டறை தளவாய், பாத்திரக்கடை வானமாமலை, நாடகம் எழுதி நடத்திய முகைதீன் பாய், ஒரு வெள்ளாடு. கீழே பெண்கள் பக்கம் முன்வரிசையில் தளவாயின் மனைவி பேராச்சி. வேறு யாராவது தானும் மேடையில் நின்றதாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் நாட்டு ஆட்கள் எவரெஸ்டில் கொடி நட்ட வருஷம் அது. கொட்டகையில் செய்திப் படம் பார்த்துவிட்டு வந்த முகைதீன் பாய், அதையே நாடகமாக எழுதிவிட்டார். ஏறுவது தளவாயும் வானமாமலையும். உச்சியில் முதலில் கால் வைப்பது யார் என்பதில்தான் சிக்கல்.

"எங்க குடும்பம் எங்கேயும் ரெண்டாவதா நின்னது கிடையாது, பாய்" என்றார் தளவாய். உட்கார்ந்தாலும் முதுகு வளையாத மனுஷர்.

"அப்போ நான் என்ன, பின்னால மூட்டை தூக்கிட்டு வாறவனாவே?" என்றார் வானமாமலை.

பாய் தாடியைத் தடவினார். "அதை மட்டும் நான் எழுதமாட்டேன். ஏறிக்காட்டுங்க. எந்த வீட்டுக் கால் முதல்ல உச்சியை மிதிக்குதோ, அந்த வீட்டுக்குத்தான் இந்த வருஷம் பந்தல்ல முதல் மாலை."

விழாக் கமிட்டியும் சரி என்றது. அப்பா காலம் முதல் தளவாய் வீட்டை விட்டு வெளியே போகாத மாலை அது.

மூங்கில் கட்டி, சாக்குப் போர்த்தி, பஞ்சு ஒட்டி மலை நின்றது. தளவாய் முகம் சுளித்தார்.

"என்னவே இது, மெத்தைக்கடை மாதிரி? எவரெஸ்டுன்னா மின்ன வேண்டாமா?"

பட்டறையில் தோலுக்குப் போடும் உப்பு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பஞ்சைப் பிய்த்தெறிந்து, பசை தடவி, உப்பைத் தூவச் சொன்னார். மலை மின்னியது.

நாடகத்தன்று சாயங்காலம் பார்த்தால், இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டக் கயிறு இல்லை. தளவாய் வீட்டுக்கு விரைந்தார். வாசல் தூணில் கட்டியிருந்த கயிற்றைக் கைக்கு எட்டிய மட்டும் தோல் கத்தியால் அறுத்து வந்தார். கீழே கிடந்த மிச்சத்தைக் குனிந்து எடுக்கவில்லை. குனிவது அவர் வழக்கமில்லை.

திரை விலகியது. இருவர் முகத்திலும் தோல் முகமூடி, முதுகில் ஆக்சிஜனாக ஒரு மண்ணெண்ணெய் டின், கையில் பனிக் கோடாரி. தளவாய் பாதி மலை ஏறியபோது பக்கத்தில் "மே" என்று சத்தம். வெள்ளாடு ஒன்று எவரெஸ்டை நக்கிக்கொண்டிருந்தது.

"பாய், ஆடு!"

"நான் எழுதலையே!" என்றார் பாய், திரைமறைவிலிருந்து.

தளவாய் கோடாரியை ஆட்டி விரட்டினார். ஆடு இறங்கவில்லை, மேலே ஏறியது. இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சுருக்குப் போட்டு வீசினார். ஆடு தப்பியது, கட்டு அவிழ்ந்த வானமாமலை அவரை முந்தினார். தளவாய் அவர் காலைப் பிடித்து இழுத்தார். இருவரும் கட்டிப் புரண்டுகொண்டிருக்க, ஆடு உச்சியில் ஏறி நின்று சபையைப் பார்த்தது.

"ஹிமாலய பக்ரி! பக்ரி ஜிந்தாபாத்!" என்று இந்தியில் ஆட்டை வாழ்த்தி இளவட்டங்கள் விசிலடித்தார்கள்.

தளவாய் முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். "இது வானமாமலை வேலை! வளர்ப்பைப் பாருங்க! மானம் மரியாதை தெரியாத குடும்பத்து ஆடுதான் இப்படி மேடையேறும்! அந்த வீட்டுல ஒரு ஆட்டைக் கட்டிப்போட நாதி இல்லையா?"

"எங்க வீட்டுல ஆடே கிடையாதுவே!"

முன்வரிசையில் பேராச்சி எழுந்தாள்.

"கத்தாதீய. அது போன வாரம் நான் வாங்குன நம்ம ஆடு, நீங்கதான் குனிஞ்சு பார்க்கல. கட்டித்தான் போட்டிருந்தேன். அந்தக் கயித்தைத்தான் நீங்க இடுப்புல கட்டிக்கிட்டு வந்தீய."

பந்தல் சிரிப்பில் ஆடியது. தளவாய் முதுகை நிமிர்த்தினார்.

"பாய், எந்த வீட்டுக் கால்னு சொன்னீரு?"

பாய் ஆட்டைப் பார்த்தார், வானமாமலையைப் பார்த்தார். "நாலும் உங்க வீட்டுக் கால்தான், அண்ணாச்சி."

முதல் மாலையை ஆட்டுக்குப் போட்டதாகத் தாராவியில் இன்றும் ஒரு வதந்தி உலவுகிறது. சுத்தப் பொய். மாலை தளவாயின் கழுத்தில்தான் விழுந்தது. ஆடு அதைத் தின்றது அதற்குப் பிறகுதான்.