கூட்டக் குறிப்பில் ஒரு யுத்தம்

கச்சி முகம்மது பேசியதை ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் எழுதி வைத்ததுதான் உசனார் செய்த பிழை.

காத்தான்குடி கரைவாசல் நெசவாளர் ஐக்கிய சங்கத்துக்கு அவர்தான் காரியதரிசி. எழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். வேறு தகுதி ஒன்றும் அவருக்கு இல்லை. தைரியம் அறவே இல்லை. போன வருசம் சித்திரையில் ஜப்பான்காரன் விமானத்தில் வந்து கடலில் கப்பலைத் தாட்டியபோது, சத்தம் கேட்டு நெல்லு மூடைகளுக்குப் பின்னால் புகுந்தவர், பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் தலையை வெளியே நீட்டினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சங்கத்தில் கூட்டம் நடந்தது. அடுத்த வெள்ளி பிரசிடென்ட் தேர்தல். பன்னிரண்டு தறி வைத்திருந்த கச்சி முகம்மதுவும், புடவைக்கடை ஹமீடும் நின்றார்கள்.

முதலில் கச்சி முகம்மது எழும்பினார்.

"இந்த யுத்தம் இன்னும் பத்து வருசம் நீடிக்க வேணும்!" என்றார், எடுத்த எடுப்பிலேயே. "ஏன் சொல்றன்? சீமைச் சீலைக் கப்பல் இப்ப வருகுதா? இல்ல. அதாலதான் நாங்க நெய்யிற சாரத்துக்கு ஆள் நிண்டு வாங்குறான். யுத்தம் நாளைக்கு முடிஞ்சா நாளையிண்டைக்குக் கப்பல் வரும். மறுகா தறியை அடுப்பில வைக்க வேண்டியதுதான். எனக்குக் கட்டிக் குடுக்க மூணு குமர் இருக்கு. உங்களுக்கும் இருக்கு. யோசிங்க!"

பாதிப் பேர் கைதட்டினார்கள். ஹமீட் தொப்பியைக் கையில் கழற்றிப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"அல்லாவுக்குப் பயந்து கதைங்க காக்கா. என்ட தம்பி சாரம் விக்க றங்கூனுக்குப் போனவன். ஜப்பான்காரன் வந்த நாளையில இருந்து காயிதம் இல்ல. உசிரோட இருக்கானோ, மௌத்தாப் போனானோ தெரியா. பத்து வருசம் நான் வாசலைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கவா?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். குந்தியிருந்த வாங்குப் பலகை ஒன்றின் கால் உடைந்தது. கூட்டம் கலைந்தது.

உசனார் மட்டும் உட்கார்ந்து எழுதினார்: 'யுத்தம் இன்னும் பத்து வருடம் நீடிக்க வேண்டும் என்று ஜனாப் கச்சி முகம்மது அவர்கள் பலத்த கரகோஷத்தின் மத்தியில் கூறினார்கள்.' வசனம் அவருக்கே பிடித்திருந்தது. இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார்.

சனிக்கிழமை காலையில் அஹமட் வந்தார். மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரி வாசலில் ஊராருக்குப் பெட்டிசம் எழுதிக் கொடுக்கிறவர். ஆகையால் சட்டம் தெரிந்தவர் என்று பேர். தேத்தண்ணி குடித்துக்கொண்டே கூட்டக் குறிப்பைப் புரட்டியவர், கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"காக்கா, உங்களுக்கு உசிரில ஆசை இல்லையா?"

"என்ன மச்சான் சொல்றாய்?"

"இது யுத்த காலம். பாதுகாப்புச் சட்டம் போட்டிருக்கான். யுத்தத்தைப் பத்தி ஒரு சொல் கூடுதலாச் சொன்னாலும் பிடிச்சு மறியல்ல அடைப்பான், குறையச் சொன்னாலும் அடைப்பான். இஞ்ச பத்து வருசம் எண்டு கிடக்குதே!"

"நான் சொல்லல்லயே. கச்சி முகம்மது காக்காதான் சொன்னாரு."

"பேசினவன் நான் பேசல்ல எண்டுருவான். காத்தோட போன பேச்சு. எழுதினவன் என்ன சொல்லுவான்? எழுத்து இருக்குதே!" அஹமட் எழும்பிச் செருப்பைப் போட்டார். "நான் இதைப் பார்க்கல்ல. உங்கட வீட்டுக்கும் வரல்ல."

உசனார் கதவைச் சாத்திவிட்டுச் சவரக்கத்தியை எடுத்தார். ஒரேயொரு எழுத்து. 'டு'வின் வாலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கால் போட்டார். 'வேண்டும்' என்பது 'வேண்டாம்' என்று ஆனது. யுத்தம் நீடிக்க வேண்டாம் என்று கச்சி முகம்மது பலத்த கரகோஷத்தின் மத்தியில் சொல்லிவிட்டார். உசனார் மூச்சு விட்டார்.

அந்த நிம்மதி பகல் வரைதான் நீடித்தது. கூட்டக் குறிப்பை அங்கத்தவர் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி; உசனார் அதைத் தன் வீட்டுத் திண்ணையில் வைத்திருந்தார். பகல் சாப்பாட்டில் கை வைக்கும்போது கச்சி முகம்மது வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் எட்டுப் பத்து நெசவுகாரர்.

"ஹமீட்ட பேச்சைத் தூக்கி என்ட வாயில போட்டிருக்கிறாய்!" என்று கத்தினார். "நான் மாறிட்டன் எண்டு என்ட ஆக்களே என்னைக் கேக்குறான்! ஹமீட் உனக்கு எத்தினை முழம் சீலை தந்தான்?"

உசனார் அவரை வேலி ஓரமாகக் கூட்டிப் போய்ச் சட்டத்தைக் காதுக்குள் சொன்னார். கச்சி முகம்மதுவின் முகம் வெளிறிக்கொண்டே போனது.

"மறியலா?"

"ஓம் காக்கா."

"அப்ப என்ட பேரை வெட்டு. நான் வாய் திறக்கல்ல. கூட்டத்துக்கு வந்தன், குந்தினன், எழும்பிப் போனன்." திரும்பிப் பார்த்து நெசவுகாரரிடம் குரலை உயர்த்தினார்: "எல்லாம் சரி! காரியதரிசி திருத்துறாரு!"

பேர் போன இடத்தில் வேறு பேர் வேண்டுமே. யுத்தம் வேண்டாம் என்று உண்மையில் சொன்னவர் ஹமீட்தான். ஆகவே கச்சி முகம்மதுவைச் சுரண்டிவிட்டு அந்த இடத்தில் ஹமீடை எழுதினார். இது பொய்கூட இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஹமீட் வந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் உசனாருக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

"மச்சான், நான் சீலை பெர்மிட்டுக்குக் கிழமைக்குக் கிழமை கச்சேரிக்குப் போறவன். அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும். அஹமட்டுக்கு ஆரோ சொல்லி, அவன் எனக்குச் சொன்னான், இதில என்ட பேர் இருக்காம். நான் யுத்தத்தைப் பத்தியா கதைச்சன்? என்ட தம்பியைப் பத்தித்தானே கதைச்சன்." தெருப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "என்னையும் உள்ள போட்டா, அவன் திரும்பி வந்தா வீட்டில ஆர் இருப்பா? என்ட பேரை எடுத்திருங்க."

உசனாரால் மறுக்க முடியவில்லை. மூன்றாம் தரமும் சவரக்கத்தியை வைத்தார். தாள் பொறுமை இழந்தது. கொட்டைப்பாக்கு அளவில் ஓட்டை விழுந்துவிட்டது.

பெண்சாதி சபூரா தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இஞ்சாருங்க, இதுக்குள்ளால உங்கட கண் தெரியுது."

"பகிடி பண்ணாத, புள்ள!"

"நான் ஏன் பகிடி பண்றன்? பொலிசுக்காரன் பார்த்தாலும் அதுதானே தெரியும்."

அவள் வாய் மூடவில்லை, வாசலில் சைக்கிள் மணி கேட்டது. காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் துண்டுக் காயிதம் ஒன்றை நீட்டிவிட்டுப் போனான். மட்டக்களப்புப் பொலிஸ் சார்ஜன் ஹேர்பர்ட் அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யுத்தத்தைப் பற்றி யாரோ பேசியதாக வெள்ளைக்காரத் துரை கேள்விப்பட்டிருக்கிறார். கூட்டக் குறிப்புப் புத்தகத்தோடு காரியதரிசி திங்கள் காலை பத்து மணிக்கு ஸ்டேசனுக்கு வர வேண்டும்.

உசனார் அதை இரண்டு தரம் வாசித்தார். சபூரா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி வாய்க்குள் போனது, பாதி சட்டையில் போனது.

"அந்தத் தாளைக் கிழிச்சு எறிஞ்சிட்டு வேற எழுதுங்க" என்றாள்.

கிழித்தார். மைப் போத்தலைக் கவிழ்த்தார். ஒரு துளி இல்லை. கடையில் கேட்டால், மையும் யுத்தத்துக்குப் போய்விட்டது என்றார்கள். கடைசியில் நூல் மூட்டைகளில் அடையாளம் போடுகிற கொப்பிப் பென்சில் அகப்பட்டது. நாக்கில் நனைத்து எழுதினால் ஊதா நிறமாக விழும், நாக்கும் ஊதாவாகும்.

ஆனால் எதை எழுதுவது? நாற்பது பேர் கூட்டத்தில் இருந்தார்கள். ஏதோ பேச்சு நடந்தது என்று துரைக்கே தெரிந்துவிட்டது. யுத்தம் என்ற சொல்லே இல்லாமல் போனால் சந்தேகம் வரும். யாரோ ஒருவர் பேசியிருக்க வேண்டும். கச்சி முகம்மது இல்லை. ஹமீட் இல்லை. நெசவுகாரர் எவனும் பேர் தர மாட்டான்.

"அப்ப நான்தான் பேசினன்" என்றார் உசனார்.

"நீங்களா? கூட்டத்தில நீங்க தும்மினதுகூட இல்லையே."

"சமாதானம் வேணுமெண்டு சொன்னா ஆர் குற்றம் பிடிக்கப் போறான், சபூரா? அது நல்ல வார்த்தைதானே."

நாக்கில் பென்சிலை நனைத்தார். 'யார் வென்றாலும் சரி, தோற்றாலும் சரி, இந்த யுத்தம் இன்றைக்கே நிற்க வேண்டும் என்று காரியதரிசி உசனார் கூறினார்; வேறு எவரும் யுத்தத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.' கீழே கையெழுத்து வைத்தார்.

எழுதும்போது அந்தக் கப்பலைத் தாட்டிய நாள் ஞாபகம் வந்தது. ஹமீட் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றதும் ஞாபகம் வந்தது. இரண்டு நாளாகச் சுரண்டிக்கொண்டிருந்தவர், அந்த ஒரு வசனத்தை மட்டும் ஓர் எழுத்துக்கூடத் திருத்தாமல் எழுதி முடித்தார். அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

திங்கள் காலை புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். கல்லடிப் பாலத்தில் ஏறிய பிறகு, ஒரு தரம் பார்த்துக்கொள்வோம் என்று விரித்தார். இடது பக்கம் 46 என்று அச்சடித்திருந்தது. வலது பக்கம் 49.

கிழித்த தாளின் எண் அல்லவா போய்விட்டது! பொலிசுக்காரன் முதலில் அதைத்தானே பார்ப்பான்! யுத்தக் குற்றத்தோடு பொய்ப் புத்தகக் குற்றமும் சேர்ந்துவிட்டது. முன்னும் பின்னும் பார்த்தார். ஒரு மாட்டு வண்டி கடந்து போகும் வரை பொறுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தை வாவிக்குள் விட்டார். தவறி விழுந்துவிட்டது என்று சொன்னால் முடிந்தது.

பத்து அடி நடந்திருப்பார்.

"காக்கோ! புத்தகம் விழுந்திட்டுது!"

பாலத்துக்குக் கீழே இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து மீன்காரி கண்ணகை. உசனார் கேளாதவர் போல எட்டி நடந்தார். அவள் கரையேறி, நனைந்த சீலையோடு பாலத்தில் ஓடி வந்தாள்.

"கூப்பிடக் கூப்பிட ஓடுறீங்களே! இந்தாங்க. நல்ல காலம், என்ட கையிலயே வந்து முட்டினது."

பாலத்தில் போன அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். "பெரிய உபகாரம், தங்கச்சி" என்று உசனார் சொன்னபோது அழுகை வந்தது. நன்றியில் அழுகிறார் என்று கண்ணகை நினைத்துக்கொண்டாள்.

ஒதுங்கி நின்று புத்தகத்தை விரித்தார். இரண்டு வருசத்து மை எல்லாம் கரைந்து தாள் முழுக்க நீலமாக ஓடியிருந்தது. ஓட்டுப் போட்டது, நூல் பங்கிட்டது, ஒன்றும் இல்லை. மேல் ஓரங்கள் ஊறிப் பிய்ந்து எண்களும் போய்விட்டன. ஆனால் கொப்பிப் பென்சிலுக்குத் தண்ணீர் பட்டால்தானே சாயம் பிடிக்கும்! அந்த ஒரு வசனம் மட்டும், கத்தரிப்பூ நிறத்தில், பத்து முழத்துக்கு அப்பால் நின்று வாசிக்கலாம் போலப் பளபளத்தது.

உசனார் திரும்பத் திரும்பப் பார்த்தார். மெல்ல மெல்ல அவருக்கு விளங்கியது. ஆபத்தானது எல்லாம் அழிந்துபோய், நல்ல வார்த்தை ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் வாய்விட்டு. பிறந்த நாள் முதல் முதுகு வளைத்தே நடந்தவர், ஸ்டேசன் படியில் நிமிர்ந்து ஏறினார்.

சார்ஜன் ஹேர்பர்ட் மட்டக்களப்பிலேயே பிறந்து வளர்ந்த பறங்கியர். தமிழ் பேசுவதில் குறைவில்லை, வாசிப்பதற்குத்தான் விரல் வைக்க வேண்டும்.

"இதென்ன, குளிச்சிட்டு வந்த மாதிரி?"

"பாலத்தில தவறி விழுந்திட்டுது ஐயா. ஆனா முக்கியமானது இருக்கு."

ஹேர்பர்ட் ஊதா வசனத்தில் விரலை வைத்து நகர்த்தினார். பாதி வழியில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து வந்தது.

"இது ஆர் சொன்னது?"

"நான்தான் ஐயா."

"நீர்? உம்மட சொந்தப் புத்தியிலயா? ஆரும் சொல்லச் சொன்னாங்களா?"

"ஆரும் சொல்லல்ல. முழு மனசோட சொன்னன்." அது உண்மைதான் என்று பட்டதால் அவர் குரல் இன்னும் உறுதியாக வந்தது. "வெண்டாலும் தோத்தாலும் யுத்தம் நிக்க வேணும் ஐயா."

"கச்சி முகம்மது எண்டு ஒருத்தர் பேசல்லையா?"

"ஒரு சொல்லும் பேசல்ல. வந்தாரு, குந்தினாரு, எழும்பிப் போனாரு. நான் மட்டும்தான் பேசினன்."

ஹேர்பர்ட் மேசையில் விரித்திருந்த தங்கக் கரை போட்ட தாள் ஒன்றைச் சுருட்டி ஒரு பக்கம் வைத்தார்.

"பத்து வருசம் ஆனாலும் யுத்தம் நடக்கட்டும் எண்டு ஒரு நெசவுகாரர் பேசினாராமே, அந்த ராசவிசுவாசிக்குத் துரை கையால சேட்டிபிக்கட் குடுக்கத்தானப்பா புத்தகத்தைக் கேட்டது, யுத்தத்தை நிப்பாட்டச் சொல்றவனைப் பிடிச்சு அடைக்கச் சொல்லி இன்னொரு ஓடரும் வந்து கிடக்கு."