குழாய் கொண்ட படலம்

1994ஆம் ஆண்டு மே 14, சனிக்கிழமை, திருநெல்வேலி பேட்டையில் உள்ள ஓர் ஒலிபெருக்கி நிலையத்தில் பழைய வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்று விலைக்கு வந்தது.

வாழ்க சுப்பராமன்! கல்லூரியில் பொருளாதாரம் முழங்கும் நாவலன், இசைத்தட்டுகளின் காவலன், பியூஸ் போனால் பக்கத்து வீட்டாரைக் கூவி அழைக்கும் மின்னியல் மேதை, அவன் வாழ்க! காயல்பட்டினத்து நண்பர் துபாயிலிருந்து கொணர்ந்த சஞ்சிகையில், டிரான்சிஸ்டரின் இசை குளிர்ந்தது, டியூப் எனப்படும் வால்வின் இசையே கதகதப்பானது என்று படித்த கணம் முதல், அக்கினி நட்சத்திரம் கொளுத்தும் திருநெல்வேலியில் மேலும் கதகதப்பைத் தேடி அலைந்த ஒரே மானிடன் அவனே.

அந்த வைராக்கியத்தில், வீட்டில் ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த டூ-இன்-ஒன்னை மைத்துனன் சுந்தர்ராமனுக்குத் தானம் செய்துவிட்டான். மனைவி ருக்கு சாபமிட்டாள்.

"பாடிண்டிருந்ததைத் தூக்கிக் குடுத்தாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க வாங்கற டப்பா பாடலேன்னா, அதுவும் போயிடும், உங்க ரெக்கார்டெல்லாமும் போயிடும். சொல்லிட்டேன்."

ஆகவே அவன் புறப்பட்டது பொருள் வாங்க அன்று, நாடு காக்க.

காவிய மரபுப்படி இங்கே நகர வருணனை வேண்டும். பேட்டையில் லேத்துப் பட்டறைகள் இரைந்தன, புழுதி பறந்தது. நகர வருணனை முற்றிற்று.

கடைக்குள் புகுந்த வீரன், "டியூப் ஆம்ப்ளிபயர் வேண்டும்" என்று கர்ஜித்தான்.

"டியூப்பா? ரெண்டடியா நாலடியா, சார்?" என்று கேட்ட கடைக்காரர் பூதலிங்கம் அண்ணாச்சி, கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் டியூப் லைட்டுகளைக் காட்டினார்.

முதல் அம்பு முறிந்தது. ஆங்கிலம் தோற்ற களத்தில் தாய்மொழி கைவிடாது என்று துணிந்த சுப்பராமன், மொழிபெயர்ப்பு என்னும் அடுத்த அஸ்திரத்தை எடுத்து எய்தான்.

"அதாவது அண்ணாச்சி, குழாய். குழாய் ஆம்ப்ளிபயர்."

"குழாய்க்கு உள்ளதா? அதை மொதல்லயே சொல்லப்படாதா! அங்கன கெடக்கு பாருங்க."

ஆகா, அந்தத் திருக்காட்சியை என்னென்பது! கருங்கல் போன்ற மேனி, டிரான்ஸ்பார்மர் என்னும் திமில், உச்சியில் கண்ணாடி மகுடங்களாய் நான்கு வால்வுகள், அவற்றின் மேல் பல கோயில் கொடைத் திருவிழாக்களின் புழுதி. காதலியை முதன்முதல் காணும் தலைவன்போல் உருகிய சுப்பராமன் ஒரு பக்கக் கைப்பிடியைப் பற்றிய அதே கணத்தில், மறுபக்கக் கைப்பிடியை இன்னொரு கை பற்றியது. சுத்தமல்லி ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைக் கமிட்டித் தலைவன் சங்கிலிபூதத்தானின் கை அது.

"அண்ணாச்சி, இது எங்க சொடலைக்கு. வில்லுப்பாட்டுக்கு வால்வு செட்டுதான் கணீர்னு கேக்கும்" என்றவன், எதிரியை ஏற இறங்கப் பார்த்தான். "சார்வாளுக்கு எந்த ஊர்ல கொடை?"

"கொடை இல்லை. நான் ஒருவனே அமர்ந்து கேட்பேன்!" என்று பிரகடனம் செய்தான் சுப்பராமன்.

"ஒத்த ஆளுக்கா? காது என்னத்துக்குவே ஆகும்?"

மூண்டது போர். மதயானைகள் இரண்டு ஒரு மரத்தை இருபுறமும் இழுத்தாற்போல, இவன் இழுக்க அவன் இழுக்க, வேட்டி நெகிழ, கண்ணாடி மூக்கின் நுனிக்கு வழுக்க, டிரான்ஸ்பார்மரின் பாரத்தால் இருவருமே ஓரங்குலமும் நகர முடியாமல், நகராததையே வீரம் என்று எண்ணி மூச்சிரைத்து நிற்க, அண்ணாச்சி மட்டும், "பைய, பைய, வால்வு ஒடஞ்சிரும்வே" என்று நடுவர் தீர்ப்பு வழங்கினார்.

அப்போது வெளியே சுத்தமல்லி பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் அடுத்த பஸ் பொழுதுசாய்ந்துதான். சங்கிலிபூதத்தான் கைப்பிடியை விட்டுவிட்டு ஓடினான். "ஒத்த ஆளாக் கேளும்வே!" என்ற வாழ்த்து படிக்கட்டிலிருந்து காற்றில் வந்தது. வென்றான் சுப்பராமன்!

வெற்றிப் பொருளை ஆட்டோவில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுவந்தான். மரப்பெட்டி ஸ்பீக்கர்களை இணைத்தான். வால்வுகள் செந்தணலாய்க் கனன்றன. இசைத்தட்டு சுழன்றது. சத்தம் மட்டும் வரவில்லை. ஞாயிறு வரவில்லை, திங்கள் வரவில்லை. ருக்கு இசைத்தட்டுகளை ஒரு சாக்கில் அடுக்கத் தொடங்கினாள். அந்தச் சாக்கைக் கண்டு நடுங்கியவன் மீண்டும் பேட்டைக்கு ஓடினான்.

"பெட்டி ஸ்பீக்கருக்கு உள்ள முனை எரிஞ்சி எத்தனையோ வருசமாச்சு, சார். குழாய்க்கு உள்ளதுதான் இருக்கு. நீங்கதானே குழாய்க்குன்னு கேட்டிய?" என்ற அண்ணாச்சி, கோயில் வேம்புகளில் கட்டும் ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றை எடுத்து நீட்டினார். டியூபுக்குத் தமிழ் கண்ட தமிழன் அதைத் தோளில் சுமந்து வீடு திரும்பினான்.

கூடத்தில் வைத்தால் சுவர் அதிர்ந்ததால், குழாயின் வாயை ஜன்னல் வழியே தெருவுக்குத் திருப்பிக் கட்டினான். வியாழன் மாலை, இசைத்தட்டில் முள்ளை வைத்தான். எழுந்தது கல்யாணி! காக்கைகள் பறந்தன, மாடுகள் கயிற்றை இழுத்தன, நான்கு தெரு கேட்டது. சாக்கு அவிழ்க்கப்பட்டது.

"கதகதப்பா இருக்கா?" என்று கூவினான் வீரன்.

"என்னது? காதுலயே விழலே!" என்று கூவினாள் ருக்கு.

மறுநாள் காலை பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வந்து, பிள்ளை காதுகுத்துக்கு டியூப் லைட்டும் சேர்த்து வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்.