மேளம் இருக்கிற இடத்தில் மணியும் இருக்கும்

லண்டனில் நெடுங்காலம் ரயில் ஏறி இறங்கியவர்களுக்கு ஒரு வியாதி வரும். யாரிடமும் வழி கேட்கமாட்டார்கள். எனக்கு அது முற்றிப்போய்ப் பல வருடம். (மருந்தில்லை. மனைவி தேடிப் பார்த்துவிட்டாள்.)

மனைவி பெயர் வதனி. நர்ஸ். வேலைக்காலம் முழுக்க வார்ட்டில் நோயாளிகள் அடிக்கும் மணிக்கு ஓடியவள். அவள் ஓய்வு பெற்றதும் ஒரு சுற்றுலாக் குழுவோடு சீனாவுக்குப் புறப்பட்டோம். பெருஞ்சுவரெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. சியான் என்ற பழைய நகரத்தின் நடுவே ஒரு மணிக்கோபுரம் இருக்கிறது, போகிறவர்கள் அங்கே பெரிய மணியைத் தாங்களே அடித்துப் பார்க்கலாம் என்று யாரோ வீடியோ அனுப்பியிருந்தார்கள்.

"மற்றவை அடிச்சு நான் ஓடினது காணும். ஒருக்கா நான் அடிக்கிறன், ஊரே கேக்கட்டும்," என்றாள்.

சியானில் எங்களுக்கு அது கடைசி மாலை. வழிகாட்டிப் பெண் கொடியைத் தூக்கிப் பிடித்து எல்லோரையும் கூப்பிட்டாள். நான் போகவில்லை. ஒரு கொடிக்குப் பின்னால் வரிசையில் நடப்பது லண்டன் ஹரோக்காரனுக்கு மரியாதையா?

"பேக்கர் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலை கண்ணைக் கட்டி விட்டாலும் ரயில் மாறுவன். இது ஒரு கோபுரம். நீர் பேசாமல் வாரும்," என்றேன். வதனி பேசாமல் வந்தாள். அது அவள் விட்ட பிழை.

மணிக்கோபுரம் ஒரு பெரிய ரவுண்டபவுட்டின் நடுவில் நிற்கிறது. நாலு பக்கமும் வாகனங்கள். நிலத்துக்குக் கீழே வளையமாக ஓடும் பாதை வழியாகத்தான் போகவேண்டும். இறங்கியதும் ஒரு பலகை. அதில் கோபுரத்தின் படம், வலப்பக்கம் அம்புக்குறி.

"இஞ்சாருங்கோ, வலப்பக்கமாம்."

"அப்பிடிப் போனால் கோபுரம் இடக்கைப் பக்கம் வந்திடும். ஆரும் கோபுரத்தை இடக்கைப் பக்கம் வைச்சுச் சுத்துவினமோ? மற்றப் பக்கத்தாலை போவம். வளையம்தானே, எப்பிடியும் அங்கைதான் போய்ச் சேரும்."

சேரவில்லை. கடைகள் வந்தன, படிகள் வந்தன, சோளப்பொரி விற்கும் ஒரு பெண் வந்தாள். பிறகும் கடைகள், படிகள், அதே பெண். அவள் சிரித்துக்கொண்டே எங்கள் வலப்பக்கம் கையை நீட்டினாள். இந்த ஊர் வணக்கம் இப்படித்தான் போலும் என்று நானும் அவளுக்குக் கையை நீட்டினேன். (கோபுரத்து வாசல் அவளுக்கு நேரெதிரே இருந்ததாம். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நான் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.)

மூன்றாம் சுற்றில் வதனி நின்றுவிட்டாள். "கும்பிட்டாச்சு. இனி வெளியிலை போவமோ?"

கிடைத்த படியில் ஏறினோம். எதிரே ஒரு சதுக்கம். அதன் கோடியில், விளக்கு வெளிச்சத்தில், பிரமாண்டமான ஒரு கோபுரம்!

"பாத்தீரோ?" என்றேன், நானே கட்டியதுபோல.

டிக்கெட் வாங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால், சுவரோரம் வரிசையாகப் பெரிய பெரிய மேளங்கள்.

"இஞ்சாருங்கோ, மணி எங்கை?"

இங்கேயாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். எங்கே வந்தது! "மேளம் இருக்கிற இடத்திலை மணியும் இருக்கும். எங்கடை கோயிலிலை பூசை நேரம் ரெண்டையும் சேர்த்துத்தானே அடிக்கினம்?" என்று தேட ஆரம்பித்தேன். ஒரு மேளத்துக்குப் பின்னால் தலையை நுழைத்துத் தேடியபோது, காவலாளி ஒருவர் வந்து தலையை வெளியே எடுக்கும்படி சைகை காட்டினார்.

அப்போது வதனியின் போன் அடித்தது. வீடியோவில் ராணி அக்கா. எங்கள் குழுவோடு வந்தவர், கிழக்கு லண்டன் அப்டன் பார்க்கில் புடவைக்கடை வைத்திருப்பவர்.

"வதனி, எங்கை நிக்கிறீர்? இஞ்சை எல்லாரும் மணி அடிச்சாச்சு. உம்மடை முறை!"

அவருக்குப் பின்னால் டொங் என்றது. போனிலும் கேட்டது, சதுக்கத்துக்கு அப்பாலிருந்தும் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். அங்கே, நடுரோட்டில், இன்னொரு கோபுரம். நாங்கள் நின்றது முரசுக் கோபுரம்.

வதனியின் முகம் விழுந்துபோனது. எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. "வாரும்! இன்னும் பூட்டியிருக்க மாட்டாங்கள்!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இம்முறை கோபுரத்தை எந்தக் கைப்பக்கம் வைக்கவும் நான் தயார். சோளப்பொரிப் பெண் எழுந்து நின்று கத்தினாள். அவள் காட்டிய பக்கமே பாய்ந்தோம். வாசலில் காவலாளி கம்பிக்கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் கெஞ்சினேன், தமிழிலும் கெஞ்சினேன். அவர் நிதானமாகப் பூட்டி முடித்தார்.

வதனி ஏசவில்லை. ஹோட்டலுக்குப் போன பிறகும் ஏசவில்லை. மறுநாள் விமானநிலையக் கடையில் உள்ளங்கையளவு வெண்கல மணி ஒன்றை வாங்கிக் கைப்பையில் போட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. (வியாதி.)

இப்போது அது ஹரோவில் அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு தரம் அடித்தால் நான் குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவரவேண்டும். இரண்டு தரம் அடித்தால் சூடு காணாது. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் மகள் இந்தக் கதையைச் சொல்லி, அடுத்த பிறந்தநாளுக்கு அம்மாவுக்கு ஒரு மேளமும் வாங்கிக் கொடுக்கப்போவதாக என்னை மிரட்டுகிறாள். ஓடி ஓடி எனக்கும் பழகிவிட்டது.

இதோ, இதை எழுதும்போதே மணி அடிக்கிறது.

"வாறன், வாறன்!" என்று எழும்புகிறேன்.

"குசினி வலப்பக்கம்," என்கிறாள் வதனி. "அம்புக்குறி போட்டு விடட்டோ?"