சரிந்த பெஞ்சு நிமிர்ந்த காதை

வாழ்க, ஆஞ்சிலிவிளை முக்கின் வீராங்கனை பிரேமகுமாரி! குடை தரித்த கரத்தினள், சோற்றுப்பாத்திரம் தொங்கும் தோளினள், நெய்யாற்றின்கரைத் துணிக்கடையின் சேலைப் பிரிவில் காலை முதல் அந்தி வரை நின்றே களமாடும் காலினள்! கடை ஊழியர் உட்காரலாம் என்று சட்டம் வந்ததும், சட்டத்துக்கு அஞ்சிய முதலாளி ஒரு நாற்காலி வாங்கிப் போட்டதும், அன்றைக்கே அதன்மேல் சேலைப் பெட்டிகள் ஏறி அமர்ந்ததும் கடைத்தெரு முழுதும் அறிந்த வரலாறு. ஆகவே, வீட்டை விட்டால் அவள் உட்கார வாய்த்த ஒரே இடம், காலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நிழற்குடையின் பெஞ்சு. அந்தப் பெஞ்சுக்காக அவள் தொடுத்த பெரும்போரைப் பாட, கலைமகளே, உன் தாமரையில் சற்றே நகர்ந்து எனக்கும் இடம் தருவாயாக!

போருக்கு வித்திட்டவளும் அவளே என்பதை மறைப்பதற்கில்லை. முக்கில் சாலையின் இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே மது அருந்தி இங்கே துயிலும் இருமாநில வேந்தன் கிருஷ்ணன்குட்டி, பழைய பெஞ்சின் நீளம் முழுவதையும் தன் திருமேனியால் அளந்து கிடப்பான். வெகுண்டெழுந்த பிரேமகுமாரி சென்ற ஆண்டுக் கிராமசபையில், "ஒருத்தருக்கும் கெடந்து உறங்க முடியாத பெஞ்சு வேணுமாக்கும்!" என்று முழங்கினாள். மண்டபமெங்கும் கைகள் உயர்ந்தன. மக்களின் ஆணையைத் தலைமேற்கொண்ட பொறியாளர், பளபளக்கும் எஃகுக் குழாய்களை வளைத்து, முன்பக்கம் சரிந்ததொரு பெஞ்சைப் படைத்தருளினார். அதில் ஒருவராலும் படுக்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை.

முதல் நாள் அதில் அமர்ந்த பிரேமகுமாரி, மெல்ல, மிக மெல்ல, ஆட்சி இழக்கும் மன்னனைப் போலத் தரையை நோக்கி வழுக்கினாள். மறுநாள் குதிகாலை ஊன்றிப் பொருதாள். அவள் தாக்குப்பிடித்தாள், ஆனால் அவளருகே வைத்த சோற்றுப்பாத்திரமோ வழுக்கி வீழ்ந்து, சாலையைக் கடந்து உருண்டு, அண்டை மாநிலத்தில் அடைக்கலம் புகுந்தது. அதன்பின் அவள் உட்காரவில்லை. நிறுத்தத்தில் நின்று, பஸ்ஸில் நின்று, கடையில் நின்று, இரவில் காலை நீவியபடி அழுதாள். இதில் பகடி ஒன்றுமில்லை, உண்மையாகவே அழுதாள்.

வந்தது இவ்வாண்டுக் கிராமசபை. பள்ளிக்கூட மண்டபத்தில், பருப்புவடை மணம் கமழ, மின்விசிறிகளின் முனகல் போர்ப்பறையாய் ஒலிக்க, வாய்க்கால் கேட்போரும் தெருவிளக்கு கேட்போரும் அணி அணியாய் விலகி வழிவிட, தன் தீர்மானத்தைத் தானே வீழ்த்தும் வாளுடன் எழுந்தாள் நம் வீராங்கனை. "நான் நாள் முச்சூடும் கடையில நிக்கியவளாக்கும். எனக்கு இருக்கதுக்கு இந்த ஒரு பெஞ்சு தான் உண்டு. அதை நேராக்கித் தரணும்!"

வார்டு மெம்பர் பொன்னுதாஸ், வெண்வேட்டி படபடக்க எதிர்த்து நின்றார். "சேச்சி, போன தடவ நீங்க சொல்லித்தானே எல்லாரும் கைய பொக்கினோம்? ஜனங்க எடுத்த தீருமானத்துக்கு ஒரு மரியாதி வேண்டாமா?"

அவையும் இரண்டாகப் பிளந்தது. வழுக்கி விழுந்தோர் ஒரு புறம், உறங்குவோரை அஞ்சியோர் மறுபுறம். கைகளை எண்ணினார்கள், சமம். மறுபடி எண்ணினார்கள், மறுபடியும் சமம். அப்போது கடைசி வரிசையில், மூன்று நாற்காலிகளை ஒன்றுசேர்த்துப் பள்ளிகொண்டிருந்த ஓர் உருவம் புரண்டது. எழுந்தது. கை தூக்கியது. கிருஷ்ணன்குட்டி!

"இவரு அந்தப் பக்கத்து ஆளுல்லா?" என்று ஐயுற்றது ஒரு குரல்.

"குடி மட்டும்தான் அங்க!" என்று கர்ஜித்தான் வேந்தன். "கெடப்பும் வோட்டும் இங்கயாக்கும்! பெஞ்சு நேராவணும்!"

ஒரே ஒரு கையால் வென்றது மக்களாட்சி. எவனை வீழ்த்த முதற்போர் தொடுத்தாளோ, அவன் கையாலேயே இரண்டாம் போரை வென்ற பிரேமகுமாரி, வடையைக் கடித்தபடி வெற்றி முகத்தோடு வீடு திரும்பினாள்.

மழைக்காலம் கழிந்து பெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த செய்தி கேட்ட காலையில், நெற்றியில் சந்தனமும் தோளில் சோற்றுப்பாத்திரமும் துலங்க, தான் வென்ற அரியணை நோக்கி அவள் விரைந்து வர, அங்கே ஒரு முனை முதல் மறு முனை வரை நீண்டு நிமிர்ந்து துயின்றுகொண்டிருந்தான் கிருஷ்ணன்குட்டி. அவள் கண்கள் சிவந்தன. மூன்றாம் போருக்கான தீர்மானம் அவள் மனத்தில் வரிவரியாய் உருக்கொண்டது. கால் வலித்தது. பஸ் வர நேரமிருந்தது. இரண்டு கிராமசபைகளை அதிரவைத்த அந்தத் திருவாய் திறந்தது.

"அண்ணா, கால ஒண்ணு மடக்கும்."

அவன் காலை மடக்கினான், அவள் உட்கார்ந்தாள்.