சொல்லில் எடுத்த தேன்

தேனை உண்டாக்குவது தேனீ என்று இன்னமும் நம்பிக்கொண்டிருப்பவர்கள்மீது எனக்குக் கோபம் கிடையாது; பரிதாபம்தான். தேனை உண்டாக்குவது சொல். இதை நான் அடித்துச் சொல்ல உரிமை உண்டு. புகழ்பெற்ற தேன் நிறுவனம் ஒன்றில் நான் 'சொல் அலுவலர்'. பாட்டிலுக்குள் எதை ஊற்றுவது என்பதைக் கீழ்த்தளம் முடிவுசெய்கிறது. ஊற்றியது என்ன என்பதை நான் முடிவுசெய்கிறேன்.

எங்கள் கட்டடத்தின் அமைப்பே ஒரு தத்துவம். கீழ்த்தளத்தில் தேன் தயாராகிறது. மொட்டைமாடியில், ஒரே ஒரு பெட்டியில், தேனீக்கள் வசிக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்துவிடாதபடி நடு மாடிகளில் நிர்வாகம் உட்கார்ந்திருக்கிறது.

லாரியில் வந்து, குழாய் வழியாகக் கீழ்த்தளத்துக்கு இறங்குவதை 'அடிப்படைத் திரவம்' என்றே அழைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை உண்டு. அதைப் பாகு என்று வாய்தவறிச் சொன்ன ஓட்டுநர் இப்போது வேறு யாருக்கோ வண்டி ஓட்டுகிறார். வளாக வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை: 'இங்கே சர்க்கரைக்கு அனுமதி இல்லை.' வெறும் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். கேண்டீன் டீயில்கூடச் சர்க்கரை கிடையாது. காவலர் எங்கள் சாப்பாட்டுப் பைகளைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். பிறந்தநாளுக்கு மிட்டாய் கொண்டுவந்த கணக்கர், மொத்தத்தையும் வாசலிலேயே நின்று தின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

என் மேசையில் இருப்பது ஒரு தடித்த அகராதி மட்டுமே. ஆனால் அதற்குள் ஒரு காடே இருக்கிறது. நறவு என்றால் தேன். தேறல் என்றால் தெளிந்த தேன். பிரசம் என்றாலும் தேன்தான். தேனீக்கும் அதே பெயர். ஞிமிறு என்று ஒரு சொல் உண்டு, அதுவும் தேனீதான். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூக்குக்குள் ஒன்று பறந்து வெளியே போகும்.

மொட்டைமாடிப் பெட்டியைப் பராமரிப்பவள் என் மனைவி. காதலித்த நாட்களில் ஒருமுறை அவளை "ஞிமிறே" என்று அழைத்தேன். "சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன். கோபம் வந்தால் இன்றும் அவள் என்னை 'அகராதி' என்றுதான் கூப்பிடுவாள். பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமைதோறும் எங்களுக்குச் 'சொற்சுவைக் கூட்டம்'. அதிகாரிகள் ஆளுக்கொரு ஸ்பூன் தேனை நாக்கில் உருட்டி, கண்ணை மூடி, தோன்றும் சொல்லை அறிவிப்பார்கள். பிறகு பக்கத்திலிருக்கும் டம்ளரில் மரியாதையாகத் துப்பிவிடுவார்கள். யாரும் விழுங்குவதில்லை. உலகத்தரம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நானும் துப்பி வந்தேன்.

அந்தத் திங்களன்று முதலாளி இருந்தார். அவரை நாங்கள் 'பெரியவர்' என்போம். விற்பனை மேலாளரும் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியும் இருந்தார்கள். பின்னவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'தூய்மை'.

"இந்த வருஷம் லேபிள்ல 'தேறல்'னு பெருசாப் போடலாம் சார்," என்றேன்.

"வேண்டாம். ஜனங்க 'தேறல'ன்னு படிப்பாங்க," என்றார் விற்பனை மேலாளர்.

"அப்போ நறவு?"

"நரகம் மாதிரி கேக்குது. கீழ சின்ன எழுத்துல ஒரு தடவை இருக்கறதே போதும்."

பெரியவர் கண்ணை மூடி, தேனை நாக்கில் நீண்ட நேரம் உருட்டினார். "கானகத்தோட பெருமூச்சு தெரியுது," என்றார் உருக்கமாக. துப்பினார். வாயைக் கொப்பளித்துவிட்டு, "குறிச்சுக்கோய்யா," என்றார்.

அப்போதுதான் என் மனைவி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். முகவலை தலைக்குமேல் ஏறியிருந்தது. உடையெல்லாம் புகை வாசனை. காலையில் அவளுக்கு ஓர் உத்தரவு போயிருந்தது. நம் தேனை வாங்கக் கொள்முதல் குழு ஒன்று வருகிறது, பெட்டியிலிருக்கும் அத்தனை தேனடையையும் எடுத்துத் தேனைப் பிழிந்து கொடு, அவர்களுக்குப் பரிசாகவும் ஆய்வகத்துக்கு மாதிரியாகவும் வேண்டும் என்று. ஆய்வகத்துக்கு எப்போதுமே மொட்டைமாடித் தேன்தான் போகும். கீழ்த்தளத் தேன் அடக்கம் மிகுந்தது. தன்னைப்பற்றிப் பிறர் ஆராய்வதை விரும்பாது.

"எல்லா அடையையும் எடுக்கச் சொல்லியிருக்கீங்க சார். நான் எடுக்கறதா இல்ல."

"ஏம்மா? திரும்பச் சேத்துக்காதா? அதுங்களுக்கு வேற என்ன வேலை?" என்றார் பெரியவர்.

"எங்கயும் பூ இல்ல சார். மழை விடற வரைக்கும் பூக்கவும் பூக்காது. உள்ள இருக்கறது அதுங்களோட சாப்பாடு. எடுத்தா பெட்டியோட பட்டினி கிடந்து செத்துடும்."

"மாற்று உணவு ஏதாவது உண்டா?" என்றார் தூய்மை.

"சர்க்கரைத் தண்ணி வைக்கலாம்."

விற்பனை மேலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அந்த வார்த்தைய இங்க பேசாதம்மா," என்றார் பெரியவர் தாழ்ந்த குரலில். "ஒரு பொட்டலம் உள்ள வந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா, வாசல்ல இருக்கற பலகைக்கு என்ன மரியாதை?"

"வேற பேரு வெச்சு உள்ள கொண்டு வரலாமே," என்று நான் உதவிக்குப் போனேன். "மென்படிகம், வெண்துகள்..."

"நீங்க சும்மா இருங்க," என்றாள். பிறகு முதலாளியிடம் திரும்பினாள். "சரி சார், அது வேண்டாம். கீழ கிடங்கு நிறைய நம்ம தேன்தானே அடுக்கி வெச்சிருக்கு? அதுல கொஞ்சம் குடுங்க, அதுங்களுக்கு வெக்கறேன். தேனுக்குப் பதில் தேன்."

வாயில் ஸ்பூன் இருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எல்லோரும் தூய்மையைப் பார்த்தார்கள். அவர் தன் டம்ளரைப் பார்த்தார்.

"அது தேனீக்கு ஒத்துக்காதும்மா."

"ஏன் சார்?"

"நெறத்துக்கு ஒண்ணு போடறோம். வாசனைக்கு ஒண்ணு. கெடாம இருக்க இன்னொண்ணு. மனுஷ உடம்பு எல்லாத்தையும் தாங்கிக்கும். அது பாவம், சின்ன உயிர்."

"குழந்தைங்களுக்கு நல்லதுன்னு லேபிள்ல இருக்கே?"

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'மழலை நாவுக்கு மாசறு நறவு.' என் வரிதான். ஐந்து சொல்லில் எழுதி, ஒன்றைக் குறைத்து மெருகேற்றியது.

"குழந்தைன்னா வளந்துடும்," என்று சமாளித்தார் விற்பனை மேலாளர்.

பெரியவர் மேசையைத் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. "என்னய்யா பேசறீங்க? அதுங்களுக்கு ஏதாவது ஆயிட்டா? இருக்கறது ஒரே பெட்டி. அடுத்த டெஸ்டுக்கு எதை அனுப்புவீங்க?"

"கடையில வேற கம்பெனி பாட்டில் வாங்கி அனுப்பிடலாம் சார்," என்றார் விற்பனை மேலாளர்.

"எந்தக் கம்பெனிய நம்பறது? எல்லாரும் நம்மள மாதிரி நல்லவங்கதான்யா."

இப்படியாக, நிறுவன வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய தீர்மானம் நிறைவேறியது. ஆய்வகத்துக்கு உள்ளங்கை அகல அடைத் துண்டு ஒன்று. மீதி முழுவதும் தேனீக்களுக்கே.

"அப்போ வர்ற குழுவுக்கு?"

"நம்ம பாட்டிலையே குடுங்க," என்றார் பெரியவர். "மனுஷங்கதானே."

என் மனைவி நன்றி சொல்லி முகவலையை இறக்கிக்கொண்டாள். வலைக்குப் பின்னால் அவள் சிரித்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. கதவருகே போனவள், ஏதோ நினைவுவந்தவளாக நின்று என்னைப் பார்த்தாள். சிரிப்பு போயிருந்தது.

"என்னங்க, போன வாரம் பாப்பா இருமலுக்கு ஆபீஸ்ல குடுத்த தேனைத்தானே குடுத்தீங்க?"

"ஆமா."

"துப்பினாளா, முழுங்கினாளா?"

அகராதி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைத் தொடாமலேயே, "முழுங்கினா," என்றேன்.

வீட்டிலிருந்த பாட்டில் அன்று மாலை குப்பைத்தொட்டிக்குப் போனது. மூடியை நன்றாக இறுக்கித்தான் போட்டேன். குப்பைக்கும் தேனீ வரும் அல்லவா?

இதே கவலை பெரியவருக்கும் இருந்திருக்கிறது. மறுநாளே என்னை அழைத்தார். "யாராவது மிச்சத்தை ஜன்னல் ஓரம் தொறந்து வெச்சு, நம்ம பெட்டியில இருக்கறது போய் உறிஞ்சிடப் போகுது. லேபிள்ல ஒரு எச்சரிக்கை போடுய்யா."

எழுதிக் கொடுத்தேன். அகராதியைத் திறக்காமல் நான் எழுதிய முதல் வரி. வேறு இடம் இல்லையென்று அச்சகத்தார் அதை என் பழைய வரிக்கு நேர் கீழே சேர்த்துவிட்டார்கள். கடைகளில் இப்போது நீங்களே படிக்கலாம்:

'மழலை நாவுக்கு மாசறு நறவு.
தேனீக்களுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.'

விற்பனை குறையவில்லை. தேனீக்கள் நலமாக இருக்கின்றன.