டெவனிஷ் தெருவில் ஓடை பிறந்த வரலாறு

“தொண்ணூத்தாறு நாளா என் வீட்டுக் குழாய்ல காத்துதான் வருது. வாசல்ல ஆறு ஓடுது. நான் தண்ணி கேட்டா நீங்க நம்பர் தர்றீங்க. நம்பர வச்சு இருபத்திரண்டு குழந்தைங்களுக்குக் கால் கழுவி விடவா?”

கெலே சொன்னது வார்த்தை பிசகாமல் இவ்வளவுதான். சொன்ன இடம் தண்ணீர் அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னல். முதல் இரண்டிலும் “அடுத்த ஜன்னலுக்குச் செல்லவும்” என்று பலகை தொங்கியதால் மூன்றாவதுதான் ஜன்னல் என்று ஊருக்கே தெரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரு. ஷிலுவானே, கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

“கோபப்படாதீங்கம்மா. நம்பர் வந்துச்சா, இல்லையா?”

“வந்துச்சு. பதினோரு நம்பர் வந்துச்சு.”

“பாத்தீங்களா! இந்த வட்டாரத்துலயே பதினொண்ணு வாங்கினவங்க நீங்க ஒருத்தர்தான். நம்பர் இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம்.”

ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு வருஷம் குடியிருந்தவர்களுக்கு இது விளங்கும். குழாய் உடைந்தாலும், விளக்கு அணைந்தாலும், ரோட்டுக் குழியில் கார் பாதி காணாமல் போனாலும் நாம் போன் செய்வோம். கைப்பேசிக்கு ஒரு நம்பர் வரும். அது வந்ததும் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி, பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. எங்கள் தெருவில் “சௌக்கியமா?” என்று யாரும் கேட்பதில்லை, “உங்க நம்பர் என்னாச்சு?” என்றுதான் கேட்போம். என் பக்கத்து வீட்டு அடெரிட்டோ, மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற போர்ச்சுகீசியர், தெருவிளக்குக்காக ஒன்பது வருஷத்துக்கு முன் வாங்கிய நம்பரை இன்னும் ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார். விளக்கு எரியவில்லை. நம்பர் ரத்தாகவும் இல்லை. ஆகவே அவருக்கு நம்பிக்கை இருக்கிறது.

டெவனிஷ் தெரு மலையிலிருந்து சரியும் தெரு. குழாய் உடைந்தது நட்டநடுவில். மேலே இருக்கும் எங்களுக்குத் தண்ணீர் தடையில்லாமல் வரும். கீழே மூன்று வீடுகளுக்குக் காற்று. அதில் இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. மூன்றாவது கெலேயின் குழந்தைகள் காப்பகம். விடிவதற்கு முன்னால் மினிபஸ் பிடித்து வடக்கே பணக்காரர் வீடுகளைப் பெருக்கித் துடைக்கப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை அங்கேதான் விட்டுப் போகிறார்கள். சுகாதார அலுவலகம் கெலேக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தது: அடுத்த மாசம் முப்பதாம் தேதி காலை பதினொரு மணிக்குச் சோதனை, குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும், வராவிட்டால் காப்பகத்துக்குப் பூட்டு.

அவளுடைய புகார் மனுக்கள் எல்லாவற்றையும் எழுதியவள் நான். அழகான கையெழுத்துக்காகக் கான்வென்டில் மூன்று வருஷம் தொடர்ந்து பரிசு வாங்கியிருக்கிறேன். அயர்லாந்துக் கன்னியர்கள் எங்களுக்கு இரண்டே விஷயம்தான் கற்றுக்கொடுத்தார்கள்: எழுத்து கோணக்கூடாது, பொய் சொல்லக்கூடாது. இரண்டையும் பிரம்பால் கற்றுக்கொடுத்ததால் இன்றுவரை மறக்கவில்லை. ஆகையால் அன்றும் கெலேயோடு நான் போயிருந்தேன்.

“இங்க பாருங்க மிஸ்டர் ஷிலுவானே, ஆள் எப்ப வருவாங்க? அத மட்டும் சொல்லுங்க” என்றேன்.

அவர் கணினியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இனிமே வரமாட்டாங்கம்மா. உங்க கசிவு தொண்ணூறு நாளத் தாண்டிடுச்சு.”

“தாண்டினா?”

“தொண்ணூறு நாள் இடைவிடாம ஓடினா அது கசிவு இல்ல, இயற்கை நீரோட்டம். விதி அப்படி. இயற்கையில நாங்க கை வைக்க முடியாது.”

கெலே கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் கிட்டே போனாள். “அப்போ எண்பத்தஞ்சாவது நாள் வந்து அடைச்சிருக்கலாமே?”

“எண்பத்தஞ்சாவது நாள் எதுக்கும்மா அவசரம்? இன்னும் அஞ்சு நாள் இருந்துச்சே.”

பன்னிரண்டாவது நம்பரை வாங்கிக்கொண்டு வந்தோம்.

இயற்கை என்றானபின் அதற்குரிய அலுவலகம் சும்மா இருக்குமா? அடுத்த வாரமே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு காரினா என்ற பெண் வந்து இறங்கினாள். குழாய் உடைந்து தொண்ணூறு நாள் எட்டிப் பார்க்காத சர்க்கார், ஓடை பிறந்து ஏழாம் நாள் தொட்டிலோடு வந்துவிட்டது. தண்ணீர் தேங்கிய இடத்தில் நாணல் முளைத்திருந்தது. அதன் நடுவே ஒரு ஹடிடா நின்று சேற்றைக் குத்திக்கொண்டிருந்தது. ஹடிடா என்றால் தினமும் அதிகாலையில் யாரையோ கொலை செய்வதுபோல் கத்தி ஊரை எழுப்பும் சாம்பல் பறவை. இந்த நகரத்தில் அது உட்காராத கூரை கிடையாது.

“ஓ! நீர்ப்பறவை!” என்று காரினா எழுதிக்கொண்டாள்.

“அது எல்லா வீட்டுலயும் இருக்கும்மா. என் குப்பைத்தொட்டி மேலகூட ஒண்ணு இருக்கு” என்றேன்.

“அதனாலதான் ஆன்ட்டி பாதுகாக்கணும். எல்லா இடத்துலயும் இருக்கிறதுதான் சொல்லாம கொள்ளாம காணாமப் போகும்.”

ஒரு தவளையையும் கண்டுபிடித்தாள். அதற்கு அவளே ஒரு பெயர் வைத்தாள். பிறகு பலகை நட்டாள். அந்தப் பலகையின்படி டெவனிஷ் ஈரநிலத்தைச் சுற்றி முப்பது மீட்டருக்குள் தோண்டுதல், அடைத்தல், திசைதிருப்புதல், பறவைகளை முறைத்துப் பார்த்தல் ஆகியவை குற்றம்.

“நான் ஒரு வாளி மொண்டுக்கலாமா?” என்று கெலே கேட்டாள்.

“அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும் அக்கா. மனு போட்டா நம்பர் வரும்.”

ஈரநிலம் பிறந்த செய்தி பரவியதும் நாகரிகம் எங்களைத் தேடி வந்தது. நகரத்தைச் சுற்றிப் பார்க்கும் மோகம் ஒரு வருஷம் சொவெட்டோவில் இருந்தது, மறு வருஷம் நடு நகரத்துப் பழைய கிடங்குகளுக்கு வெள்ளையடித்துக் காப்பிக்கடை வைத்தார்கள், அதுவும் பழசாகிவிட்டது. இப்போது “அறியாத ஜோஹன்னஸ்பர்க்: கால்நடையாக” என்று சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டம் எங்கள் தெருவில் இறங்கியது. பாதிப் பேர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் வடக்கே பணக்காரர்கள் குடியிருக்கும் சான்ட்டனிலிருந்து வந்தவர்கள். இருபது நிமிஷம் காரில் வந்துவிட்டு, தூரதேசத்திலிருந்து வந்தவர்களைவிட அதிகமாக ஆச்சரியப்பட்டவர்கள் அவர்கள்தான். “இங்கெல்லாம் மனுஷங்க இருக்காங்களா!” என்றார் ஒரு சீமாட்டி என்னைப் பார்த்து. இருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர்களை அழைத்து வந்தவன் லுஃபுனோ. நார்த்தொப்பி, கணுக்காலுக்கு மேலே நிற்கும் கால்சட்டை. உடைந்த குழாயின் மேல் நின்றுகொண்டு, “பூமி தன் ரகசியத்தை இங்கே முணுமுணுக்கிறது” என்பான். எல்லோரும் கண்ணை மூடிக் கேட்பார்கள். நானும் ஒருநாள் கேட்டேன். குழாய் உடைந்த சத்தம்தான்.

ஒரு சனிக்கிழமை கெலே என் வீட்டுத் தோட்டக் குழாயில் இரண்டு வாளி பிடித்துக்கொண்டு இறங்கினாள். லுஃபுனோ ஓடிப்போய் மறித்தான்.

“அக்கா, அக்கா, ஒரு நிமிஷம். வாளியத் தலையில வச்சுக்கிட்டு நடங்க. படத்துக்கு நல்லாருக்கும்.”

“ஏன், உன் தலையில வை. தொப்பிதான் இருக்கே, சும்மாடு வேண்டாம்.”

“கோச்சுக்காதீங்க அக்கா. அவங்க இந்த ஊரோட உண்மையான வாழ்க்கையப் பாக்க வந்திருக்காங்க.”

“உண்மையான வாழ்க்கை உள்ள இருக்கு வா, இருபத்திரண்டு பேரு. அதுல நாலு பேருக்கு வயித்தால போகுது. வந்து கழுவி விடு.”

ஐரோப்பியர்கள் கைதட்டினார்கள். நாடகம் என்று நினைத்திருப்பார்கள்.

தெரு நாளுக்கு நாள் மினுங்கியது. “டெவனிஷில் தண்ணீர் எங்கே?” என்று நாங்கள் வைத்திருந்த வாட்ஸப் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை “டெவனிஷ் ஓடைக்கரைவாசிகள்” என்று பெயர் மாறியது. மாற்றியவர் அடெரிட்டோ. குழாய் உடைந்த அன்று தண்ணீர் அலுவலகத்தின் ஏழு தலைமுறையையும் போர்ச்சுகீசில் திட்டியவர் அவர். இப்போது அவர் வீட்டு வாசலில் “ஓடை நோக்கிய வீடு விற்பனைக்கு” என்று தரகர் பலகை. எதிர்வீட்டுப் பெண் நாணல் ஓரத்தில் பாய் விரித்து யோகா சொல்லித்தந்தாள். முனையில் ஒருவன் தள்ளுவண்டியில் காப்பி விற்றான். காப்பி நுரையில் ஹடிடா படம் போட்டான்.

நான் இந்த மாதிரி அற்பத்தனங்களில் கலந்துகொள்பவள் இல்லை. நடந்து களைத்து வருகிறவர்களுக்குப் பசிக்குமே என்று வாசலில் ஒரு மேஜை போட்டு, எண்ணெய்ச் சட்டி வைத்து, நாலு மக்வின்யா பொரித்துக் கொடுத்தேன். மக்வின்யா பந்து மாதிரி உப்ப வேண்டும், நடுவில் கீறிக் கொத்துக்கறி வைக்க வேண்டும். அது எல்லோருக்கும் வராது. சனிக்கிழமை மட்டும் செய்தேன். பிறகு சனி, ஞாயிறு. பிறகு சனி, ஞாயிறு, புதன், வெள்ளி. இது தொண்டு. தொண்டு செய்கிற இடத்தில் வாளிகள் நின்றால் ஜனங்களுக்கு நடக்க இடைஞ்சல். ஆகவே கெலேயிடம் அன்பாகத்தான் சொன்னேன்:

“கெலே, கூட்டம் போனப்புறம் வந்து பிடிச்சுக்கோயேன்.”

“கூட்டம் எப்பக்கா போகும்?”

“இதோ இப்போ போயிடும்.”

எங்கள் ஊரில் “இதோ இப்போ” என்றால் இன்றைக்குள் என்று யாரும் நினைப்பதில்லை. அவளும் நினைக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தது. காலை ஒன்பது மணிக்கு, யாரும் எதிர்பாராத ஓர் அசம்பாவிதம் நடந்தது. தண்ணீர் அலுவலகத்து லாரி வந்துவிட்டது.

மஞ்சள் சட்டை போட்ட நாலு பேர், மண்வெட்டி, புதுக் குழாய். மேஸ்திரி பெயர் கோமோட்ஸோ. பெரிய வயிறு, சிரித்த முகம்.

“புகார் நம்பர் ஒண்ணு. கெலெபோகிலே மோதிபி யாரு?”

கெலே இடுப்பில் ஒரு குழந்தையோடு ஓடிவந்தாள். “நான்தான்! முதல் நம்பருக்கா வந்திருக்கீங்க?”

“வரிசைப்படிதானேம்மா வருவோம். ஒரு மணி நேர வேலை. பத்து மணிக்கு உங்க குழாய்ல தண்ணி.”

அவள் அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது. அதற்குள் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. மேஸ்திரி பலகையைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். தொப்பியைக் கழற்றினார்.

“இது என்ன, ஈரநிலம்னு போட்டிருக்கு?”

“குழாய் உடைஞ்ச தண்ணிண்ணே அது! உங்க குழாய்!”

“எனக்குத் தெரியுதும்மா. குளோரின் வாடை இங்க வரைக்கும் அடிக்குது. ஆனா பலகை இருக்கே. அதுக்கும் ஒரு வழி இருக்கு.” லாரியிலிருந்து ஒரு தாள் எடுத்தார். “இது ஓடை இல்ல, குழாய்க் கசிவுதான்னு இந்தத் தெருக்காரங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும். நான் தோண்டிடுவேன்.”

“குடுங்க, போடறேன்.”

“புகார் குடுத்தவங்களே சாட்சி சொல்லக்கூடாதும்மா. வேற யாராவது. ஒருத்தர் போதும்.”

“இல்லைன்னா?”

“இல்லைன்னா ‘சென்று பார்த்தோம், வேலை முடிந்தது’ன்னு உங்களுக்கு மெசேஜ் வரும். நம்பர மூடிடுவாங்க.”

கெலே தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். முதலில் அடெரிட்டோவிடம் போனாள். அவர் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்; அது அவர் மூக்கிலேயே இருந்தது. யோகாக்காரி கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தாள். இழுத்தது இழுத்தபடியே இருந்தாள். காப்பிக்காரன், தான் இந்தத் தெருக்காரனே இல்லை என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டான். லுஃபுனோ ஒரு கூட்டத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான்.

பிறகு அவள் என் மேஜைக்கு வந்தாள். தாளை மாவுக் கிண்ணத்துக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் நடுவில் வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள். இடுப்பிலிருந்த குழந்தை மக்வின்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணி ஒன்பதே முக்கால்.

நல்ல தாள்தான். கோடு போட்டிருந்தது. கையெழுத்துக் கோண வழியே இல்லை.

எண்ணெய் காய்ந்துவிட்டது. காய்ந்த எண்ணெயை விட்டுவிட்டுத் திரும்பினால் தீப்பிடித்துவிடும். சமையல் தெரிந்த யாரும் இதை ஒப்புக்கொள்வார்கள். மாவை உருட்டினேன். ஒன்று போட்டேன். உப்பியது. இன்னொன்று போட்டேன்.

“வெர்னாக்கா,” என்றாள் கெலே, “என் மனு எல்லாம் நீங்கதானே எழுதினீங்க. இதுல பேர் மட்டும் எழுதுங்கக்கா.”

“இதோ இப்போ” என்று சொல்லி அடுத்த உருண்டையை எண்ணெயில் போட்டேன்.