தாளக்காரரின் கெட்டிமேளம்

சுவிட்சர்லாந்தில் சட்டி கழுவியவர்களில் சிம்பொனி எழுதியவர் ஒரே ஒருவர்தான். அந்தச் சிம்பொனியைக் காப்பாற்றியவனும் ஒரே ஒருவன்தான். அது நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் சொல்கிறேன், நம்புங்கள்.

எண்பதுகளில் சூக் நகரத்து உணவகம் ஒன்றின் சமையலறையில் நானும் குணமும் வேலை செய்தோம். எங்களோடு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த ஒரு கிழவர். பெயர் வாயில் நுழையாது. நாங்கள் வைத்தது 'தாளக்காரர்'. கழுவிய சட்டியைக் கரண்டியால் தட்டி, காதில் வைத்துக் கேட்டு, சத்தத்தின் வரிசையில்தான் அடுக்குவார். பெரிய சட்டி சின்னச் சட்டிக்கு மேல் ஏறும். வாரத்துக்கு இரண்டு தடவை எல்லாம் சரியும். சமையல்காரர் கத்தினால், கத்துகிற சுருதி பிழை என்பார்.

"அண்ணை, இந்தாளுக்குக் கழண்டிட்டுது," என்றான் குணம்.

"பொத்தடா வாயை! மனுசன் வித்துவான்."

அவருடைய கதை எனக்குத் தெரியும். அவர் நாட்டு ஆட்சியாளர் தன் பிறந்தநாளுக்கு ஒரு சிம்பொனி கேட்டாராம். கடைசிப் பகுதியில் ஆனந்தம் பொங்க வேண்டும், இல்லாவிட்டால் சிறை. அதே கிழமைதான் இவருடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எழுதிக் கொடுத்தார். தப்பி வந்த பிறகு சொந்த நாட்டவர்களே 'சாமரம் வீசியவன்' என்று முகம் திருப்பினார்கள். இப்போது உள்ளூர் இசைக்குழு ஒன்று அதை வாசிக்க முன்வந்தது. ஆனால் குழுவை நடத்துகிறவர், கடைசிப் பகுதி வெறும் துதி, வெட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்.

அன்று தாளக்காரர் சமையலறையில் அந்தச் சிம்பொனியின் கசற் நாடாவைப் போட்டார். கடைசிப் பகுதியில் முரசுகள் இடித்த இடியில் தட்டுகள் நடுங்கின.

"கலியாண வீடு மாதிரிக் கிடக்கு!" என்றான் குணம்.

"விசரா, தாலி கட்டேக்க ஏன் கெட்டிமேளம் அடிக்கிறது? தும்மலும் அழுகையும் ஒருத்தற்றை காதிலையும் விழக்கூடாதெண்டுதானே? வடிவாக் கேள். மேளத்துக்குக் கீழ ஆரோ அழுகினம்."

என் ஓட்டை ஜெர்மனிலும் கையாலும் அதைக் கிழவருக்கும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஏப்ரனோடு, ஒத்திகை மண்டபத்துக்கே போய்விட்டார். அங்கேயும் நான்தான் பேசினேன்.

"நீங்கள் இசை படித்தவரா?" என்று கேட்டார் குழுவை நடத்துகிறவர்.

"இல்லை. நாற்பது கலியாணத்துக்குப் பந்தல் போட்டவன்."

அவர் சிரிக்கவில்லை. முரசுகளை நிறுத்திவிட்டு, அடியில் ஓடிய தந்தி வாத்தியங்களை மட்டும் வாசிக்கச் சொன்னார். கேட்டது அழுகைதான், தம்பிக்கான அழுகை. கடைசிப் பகுதியில் ஒரு சுரம்கூட வெட்டுப்படவில்லை.

கச்சேரி முடிந்ததும் சபை எழுந்து நின்றது. முகம் திருப்பிய அவருடைய நாட்டவர்கள் முன்வரிசையில் கண்ணைத் துடைத்தார்கள். தாளக்காரர் என்னையும் மேடைக்கு இழுத்துவிட்டார். அந்தக் கைதட்டலில் பாதி எனக்குத்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

நானும் அந்த மனிதருக்குக் கைதட்டத்தான் நினைத்தேன். ஆனால் என் கை அவருடைய பிடிக்குள் இருந்தது. உருவ மனம் வரவில்லை.